மலை ரோட்டில் டிரெய்லர் இழுக்க: பட்டையா, எடை பகிரும் ஹிட்சா, பிரேக்கா?

டபள் கெப் ஒன்று ஏற்கனவே வாசலில் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு டிரெய்லரைக் கொழுவிவிட்டால் லொறி வாங்கும் காசு மிச்சம். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்தில் மரக்கறி செய்கிறவர்களும், கல்யாண வீடுகளுக்குக் கூடாரம், கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவர்களும் இப்படி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில், ஓடிப் பழசான சின்ன லொறிக்குச் சொன்ன விலைகூடச் சிறு விவசாயி எட்டிப் பிடிக்கிற விலையாக இருக்கவில்லை.

டிரெய்லர் செய்து தர வெல்டிங் கடைகள் இருக்கின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பாரம் ஏற்றிக் கொழுவியதும் கெப்பின் பின்பக்கம் குந்திக்கொள்கிறது, முன்பக்கம் மேலே தூக்குகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பின் ஸ்பிரிங்கின் உருக்குப் பட்டைகளோடு இன்னுமொரு பட்டை கூட்டச் சொல்கிறார் ஒருவர். பாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஏற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டு வீடியோ பார்த்தவர் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது எடை பகிரும் ஹிட்ச் (ஹிட்ச் என்பது டிரெய்லரைக் கெப்போடு கொழுவும் இணைப்பு), பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். டிரெய்லரே வேண்டாம், கடன் பட்டாவது லொறி எடு என்பவரும் உண்டு.

இதில் எதுவுமே முட்டாள்தனமான யோசனை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு மருந்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் டிரெய்லர் இழுக்கிறவரின் முதல் காசு டிரெய்லரின் பிரேக்குக்குப் போக வேண்டும். எடை பகிரும் ஹிட்ச் அதற்கு அடுத்தபடி, அதுவும் சிலருக்கு மட்டும். பட்டை கூட்டுவது கடைசி. ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே விவரமாக எழுதுகிறேன்.

பின்பக்கம் குந்தும்போது முன்பக்கத்தில் நடப்பது

டிரெய்லரின் முன் மூக்கு கெப்பின் பின்னாலுள்ள ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் பாரத்தை மூக்குப் பாரம் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பாரத்தோடு 1,200 கிலோ வருகிற டிரெய்லர் ஒன்று, மூக்குப் பாரம் 150 கிலோ. இழுக்கிற டபள் கெப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் சுமார் 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து வரை சுமார் 1.3 மீட்டர். பந்து பின் அச்சையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த 150 கிலோ ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. முன் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 63 கிலோவைத் தூக்கி எடுத்துவிடுகிறது. எடுத்ததையும் சேர்த்துப் பின் அச்சில் 213 கிலோவாக இறக்குகிறது. 150 கிலோ வைத்தோம், பின் சக்கரங்கள் சுமப்பது 213.

முன் சக்கரங்கள் இழந்த 63 கிலோவைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. ஸ்டீயரிங் திரும்புவது அந்தச் சக்கரங்களில்தான். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவைதான். றம்பொடை ஏற்றத்தில் வாகனம் சரிந்து நிற்கும்போது பாரம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகும். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வாகனம் நேரே போகப் பார்ப்பது இதனால்தான். இரவில் இன்னொரு தொல்லையும் சேரும். பின்பக்கம் குந்தியதால் முன் லைட் மேலே பார்க்கும். நானுஓயாப் பக்கத்து மூடுபனியில் அந்த வெளிச்சம் ரோட்டில் விழாமல் பனியில் பட்டு வெள்ளையாகத் திரும்பி வரும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

ஆக, நாம் சரிசெய்ய வேண்டியவை இரண்டு. முன் சக்கரத்துக்குப் போன பிடிப்பைத் திருப்பித் தருவது ஒன்று. இறக்கத்தில் தள்ளுகிற டிரெய்லரை நிறுத்துவது மற்றது.

பட்டை கூட்டுவது

"அண்ணே, பின்னுக்கு ஒரு பட்டை கூட்டினா நேரா நிக்கும்தானே?" என்று கராஜில் கேட்டால், "நிக்கும் தம்பி" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் பொய்யில்லை. வாகனம் நேராகத்தான் நிற்கும். லைட்டும் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஆனால் முன் சக்கரத்தில் போன 63 கிலோ திரும்பி வராது. மேலே போட்ட நெம்புகோல் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். அச்சுகளுக்கு இடையிலான தூரம், பந்து நீட்டிக்கொண்டிருக்கும் தூரம், மூக்குப் பாரம், இந்த மூன்றும் அப்படியே இருக்கும்வரை முன் அச்சின் இழப்பும் அப்படியேதான் இருக்கும். பட்டை கூட்டினால் குந்தல் மறைகிறது, பிடிப்புக் குறைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடையாளம் மறைந்துவிட்டதால் ஓட்டுகிறவருக்குத் தைரியம் மட்டும் கூடுகிறது. எனக்கு இதில் பிடிக்காதது இதுதான். காற்றுப் பை வைத்துத் தூக்குவதும் இதே கதைதான்.

இன்னொன்று, டிரெய்லர் கொழுவாத நாளில் விறைத்த பின் ஸ்பிரிங்கோடு வெறும் கெப் தோட்டத்து ரோட்டில் குதித்துக் குதித்துப் போகும். குதிக்கிற சக்கரத்துக்கு ஈர ரோட்டில் பிடிப்பு இருக்காது. பழைய பட்டைகள் களைத்துப் படுத்துவிட்டன என்றால் புதுசு போடுங்கள், அது பராமரிப்பு. டிரெய்லருக்கு மருந்தாக அதை நினைக்க வேண்டாம்.

பாரத்தை நகர்த்துவது

இதற்குக் காசு செலவில்லை. அதனாலேயே எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், பெரும்பாலும் தேவைக்கு மேலேயே செய்துவிடுகிறார்கள். பின்பக்கம் குந்துகிறது என்று மூட்டைகளை டிரெய்லரின் வால் பக்கம் தள்ளினால் மூக்கு இலேசாகும், கெப் நிமிரும். மூக்கு மிகவும் இலேசானால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். மலை வளைவுகளில் நாம் போகிற வேகத்துக்கு அது தெரியாமல் இருக்கும். கம்பளை தாண்டி நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் தெரியவரும்.

அமெரிக்கப் பழக்கத்தில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் சின்ன டிரெய்லர்களுக்கு 5 முதல் 7 சதவீதம் வைத்தும் ஓட்டுகிறார்கள், அங்கே வாகனமும் டிரெய்லரும் அந்தக் கணக்குக்கே செய்யப்பட்டவை. நம் வெல்டிங் கடை டிரெய்லருக்கு 10 சதவீதத்துக்குக் குறையாமல் வைப்பதே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

கண்மதிப்பில் ஏற்றக்கூடாது. மரக்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றைச் சமதரையில் வைத்து, டிரெய்லரின் மூக்கையே ஒரு கட்டை கொடுத்து அதன்மேல் தாங்கவைத்தால் மூக்குப் பாரம் அப்படியே தெரிந்துவிடும். பந்து இருக்கும் உயரத்திலேயே மூக்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஒரே உயரத்துக்கு அடுக்கினாலும் உருளைக்கிழங்கு மூட்டையின் பாரம் வேறு, லீக்ஸ் கட்டின் பாரம் வேறு. கிழங்கு அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், லீக்ஸும் கோவாவும் மற்ற இடங்களில். இந்த ஒழுங்கு பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை ஹிட்ச் வாங்காமலே தீரும்.

எடை பகிரும் ஹிட்ச்

சாதாரணப் பந்து ஹிட்ச் டிரெய்லரின் மூக்கைத் தாங்கும், இழுக்கும், அவ்வளவுதான். எடை பகிரும் ஹிட்சில் பந்தோடு சேர்ந்த கனமான தலைப்பகுதி ஒன்று இருக்கும். அதிலிருந்து இரண்டு உருக்குக் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, டிரெய்லரின் முக்கோண முன்சட்டத்துக்குக் கீழே போகும். கம்பிகளின் நுனியைச் சங்கிலி போட்டுச் சட்டத்தோடு மேல்நோக்கி இழுத்துக் கட்டும்போது அவை வளைகின்றன. வளைந்த உருக்கு நிமிரப் பார்க்கும் விசைதான் இங்கே வேலை செய்வது. அது கெப்பின் பின்பக்கத்தைத் தூக்கி, முன் சக்கரங்களைத் தரையில் அழுத்துகிறது. மீதிப் பங்கை டிரெய்லரின் அச்சுக்கு அனுப்புகிறது.

அதே 150 கிலோவுக்குக் கணக்குப் போடுவோம். பந்திலிருந்து டிரெய்லர் அச்சு 3 மீட்டரில் இருக்கிறது என்று கொண்டால், முன் சக்கரம் இழந்ததை முழுவதும் மீட்கிற அளவுக்குக் கம்பியை இழுத்தபின், முன் அச்சில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பின் அச்சில் 213 இருந்த இடத்தில் 105 கிலோ. டிரெய்லர் அச்சில் 45 கிலோ கூடுதல். கூட்டினால் அதே 150. ஒரு கிலோ பாரம்கூடக் குறையவில்லை, இடம்தான் மாறியது. இதைப் பூட்டினால் கெப் கூடுதலாக இழுக்கும், கூடுதலாக ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாகனத்தின் இழுக்கும் எல்லையும், ஏற்றும் எல்லையும் முன்பு எதுவோ அதுவேதான். மூக்குப் பாரமும் கெப்பின் ஏற்றும் எல்லைக்குள்தான் கணக்கு.

பூட்டி அளவு பார்ப்பதற்கு முதலில் சமதரை வேண்டும். நம் ஊரில் அதைத் தேடுவதே ஒரு வேலை. தேயிலைத் தொழிற்சாலை முற்றமோ, தோட்டத்து விளையாட்டு மைதானத்தின் ஓரமோ கிடைத்தால் நல்லது. டயர்களுக்குக் காற்று சரியாக இருக்கட்டும். டீசல், கூடப் போகிறவர்கள், கெப்பின் தட்டில் வைக்கிற சாமான் எல்லாம் பயணத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். டிரெய்லரிலும் உண்மையான பாரம்.

முன் சக்கரத்துக்கு நேர் மேலே, மட்கார்ட் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். கொழுவாமல் நிற்கும்போது தரையிலிருந்து விளிம்பு வரை 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரைக் கொழுவி, கம்பிகளை இழுக்காமல் அளந்தால் 912 வரலாம். வெறும் 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முன்பு சொன்ன 63 கிலோ அந்த 12 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. இப்போது கம்பிகளை இழுத்துக் கட்டி மறுபடி அளக்க வேண்டும். 906க்கு வந்தால் பாதி மீண்டது, 900க்கு வந்தால் முழுதும் மீண்டது. எவ்வளவு மீட்க வேண்டும் என்று வாகனக் கைநூலில் பார்க்க வேண்டும். பாதி போதும் என்கிற கம்பனிகளும் உண்டு, முழுதும் என்கிறவையும் உண்டு. சில வாகனங்களுக்கு இந்த ஹிட்ச் பூட்டவே கூடாது என்று எழுதியிருக்கும், அப்படியென்றால் அதோடு பேச்சு முடிந்தது. எப்படியானாலும் 900க்குக் கீழே போகக்கூடாது. போனால் பின் சக்கரங்கள் தேவைக்கு மேல் இலேசாகிவிட்டன என்று அர்த்தம். நனைந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் விலகி ஓடும்.

மீளவில்லை என்றால் சங்கிலியில் ஒரு வளையம் கூடுதலாக இழுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் தலைப்பகுதியின் சாய்வை வாஷர் போட்டு மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தபின் கம்பிகள் டிரெய்லர் சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக ஓடும், டிரெய்லரும் மட்டமாக நிற்கும்.

கம்பியை வெறும் கைப்பலத்தால் இழுத்துப் பூட்டப் பார்ப்பது ஆபத்து. கப்ளர், அதாவது பந்தைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் மூக்கு, பந்தில் பூட்டியிருக்கும்போதே டிரெய்லரின் முன் ஜாக்கால் கப்ளரையும் கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து மேலே உயர்த்துங்கள். அப்போது கம்பியில் விசை குறைந்து, சங்கிலியை இலேசாக மாட்டலாம். கழற்றும்போதும் அதே முறை. விசையோடு இருக்கும் பூட்டு கை நழுவினால் தாடையை உடைத்துவிடும், அதற்கு நேரே முகத்தையோ காலையோ வைக்கக்கூடாது.

பந்தின் அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் பந்தும் இரண்டு அங்குலப் பந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். இரண்டு அங்குலத்துக்குச் செய்த கப்ளரை 50 மில்லிமீட்டர் பந்தில் போட்டால் மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஆடும்.

அந்த ஹிட்ச் நம் ரோட்டில் படும் பாடு

இந்த ஹிட்ச் நீண்ட, நல்ல ரோடுகளுக்காகப் பிறந்தது. கண்டியிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில் இதற்குப் பெரிய கஷ்டம் இல்லை. தோட்டத்துக்குள் இறங்கும்போது கதை மாறுகிறது.

தோட்டத்து ரோட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கெப்பின் மூக்கு மேலே ஏறிவிட்டது, டிரெய்லர் இன்னும் கீழேதான் வந்துகொண்டிருக்கிறது. கெப்பும் டிரெய்லரும் பள்ளமாக மடங்கி, ஹிட்ச் அடிப்புள்ளியில் இருக்கிறது. அந்த நேரத்தில் கம்பிகள் அளவுக்கு மேல் இழுபடும். இழுபட்ட கம்பி கெப்பின் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். பின் சக்கரத்தால் ஓடுகிற வாகனம் ஏற்றத்தின் நடுவில் சக்கரம் சுழன்று நின்றுவிடும். டிரெய்லர் சட்டத்தில் சங்கிலியைப் பிடித்திருக்கும் பிடிப்பானும் வளையலாம். குறுக்கே ஓடும் ஆழமான கானைத் தாண்டும்போதும் இதே நிலைதான். இப்படிப்பட்ட இடம் வழியில் இருந்தால் அதற்கு முன்பே நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, மெதுவாகத் தாண்டி, மேலே போய் மறுபடி மாட்ட வேண்டும். லயத்தடியிலிருந்து மரக்கறி ஏற்றுகிறவர் இதைத் தினமும் மழையில் குனிந்து செய்வாரா என்பதை நேர்மையாக யோசிக்க வேண்டும். செய்யமாட்டார் என்றால் ஹிட்ச் வேண்டாம்.

வெறும் டிரெய்லரோடு திரும்புவது இன்னொரு சிக்கல். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் பாரம் இறக்கிவிட்டு வரும்போது மூக்குப் பாரம் மிகவும் குறைந்திருக்கும். முழுப் பாரத்துக்கு இழுத்த அதே வளையத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டு வந்தால், தேவையில்லாத விசை கெப்பின் பின் சக்கரங்களை இலேசாக்கும். போகும்போது பாதுகாத்த கருவி வரும்போது வழுக்கவைக்கும். வெறுமையாகத் திரும்பும்போது வளையத்தைத் தளர்த்த வேண்டும், அல்லது கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், இந்த ஹிட்ச் பாரம் மாறாத டிரெய்லருக்கு உரியது. நடமாடும் சாப்பாட்டுக் கடை, சுற்றுலாப் பயணிகளுக்கான கரவன், சவுண்ட் சாமானும் ஜெனரேட்டரும் நிரந்தரமாகப் பூட்டிய டிரெய்லர் போன்றவற்றுக்கு ஒருமுறை அளந்து அமைத்தால் அந்த அமைப்பு அப்படியே நிற்கும். காலையில் கிழங்கு, மாலையில் வெறும் கூடை என்று மாறுகிற மரக்கறி டிரெய்லருக்கு இது அரைப் பொருத்தம்தான்.

டோ பாரையும், அதாவது கெப்பின் பின்னால் ஹிட்சைத் தாங்கும் சட்டத்தையும், பார்க்க வேண்டும். இழுப்பதற்கு மட்டும் என்று வெல்டிங் கடையில் செய்த டோ பார், இந்த ஹிட்ச் கொடுக்கும் முறுக்கைத் தாங்கும் என்று நினைக்கக்கூடாது. கம்பனி டோ பாரில்கூடச் சாதாரணமாக இழுக்கும் எல்லையும், எடை பகிரும் ஹிட்சோடு இழுக்கும் எல்லையும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். டிரெய்லரின் முன்சட்டத்துக்கும் இதே கேள்வி உண்டு.

பிரேக்

மேலே சொன்ன எதுவும் டிரெய்லரை நிறுத்தாது. எடை பகிரும் ஹிட்ச் முன் சக்கரத்துக்குப் பிடிப்பைத் திருப்பித் தருவதால் கெப்பின் பிரேக் முழுதாக வேலை செய்யும், அது உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய பாரம் குறையவில்லை.

10 சதவீத இறக்கத்தில் 1,200 கிலோ டிரெய்லர், பிரேக்கே பிடிக்காத நிலையில்கூட, ஏறக்குறைய 120 கிலோ விசையோடு கெப்பைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. வளைவில் திரும்பும்போது அந்தத் தள்ளல் நேராக வராமல் பக்கவாட்டில் வரும். கெப் கத்திபோல மடங்குவது இப்படித்தான். எக்ஸ்பிரஸ் வேயில் பயம் வால் ஆட்டம். மலையில் பயம் இந்தத் தள்ளல்.

வெப்பத்தையும் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டரில் இருக்கிறது. கம்பளைக்கு வரும்போது ஏறக்குறைய 1,400 மீட்டர் கீழே வந்திருப்போம். 1,200 கிலோ டிரெய்லர் மட்டும் அந்த இறக்கத்தில் விடுகிற சக்தி, சுமார் 45 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கெப்பின் சொந்த எடைக்கு இதைவிடக் கூடுதலாகத் தனிக்கணக்கு. ஒரு பங்கை எஞ்சின் தாங்கும், ஒரு பங்கு டயர் உராய்விலும் காற்றிலும் போகும். மிச்சம் முழுதும் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்றால் எல்லாம் கெப்பின் நான்கு சக்கரங்களில். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. நானுஓயாவுக்குக் கிட்ட ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்குப் பிரேக்கைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

டிரெய்லர் பிரேக்கில் நமக்குப் பொருந்துவது இரண்டு வகை. டிரெய்லர் முன்னால் தள்ளும்போது கப்ளர் உள்ளே அமுங்கித் தானாகப் பிடிக்கும் தள்ளு பிரேக் ஒன்று. வயரோ சுவிட்சோ தேவையில்லை, எந்தக் கெப்பிலும் கொழுவலாம். நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் இந்தப் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகும். றம்பொடை, புசல்லாவை மாதிரி இடங்களில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளும்போது சில தள்ளு பிரேக்குகள் பிடித்துக்கொள்ளும். ரிவர்சில் தானாக விடுகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். எடை பகிரும் ஹிட்சோடு இதைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். கம்பிகளின் இறுக்கம் கப்ளர் உள்ளே அமுங்குவதைத் தடுக்கலாம். இரண்டும் சேரும் என்று கப்ளர் செய்த கம்பனி சொல்லாவிட்டால் சேர்க்கக்கூடாது.

மற்றது மின் பிரேக். கெப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதிலிருந்து டிரெய்லர் டிரம்முக்கு வயர். எவ்வளவு கடுமையாகப் பிடிக்க வேண்டும் என்று பாரத்துக்கு ஏற்பத் திருகிக்கொள்ளலாம். மலைக்கு இதன் பெரிய வரப்பிரசாதம் கைப்பிடி. டிரெய்லர் வளைவில் தள்ளத் தொடங்கினால், கெப்பின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் கையால் பிடிக்கலாம், வால் ஆடினாலும் அதே வைத்தியம். எடை பகிரும் ஹிட்சோடு தகராறும் இல்லை. செலவு கூடுதல், மழையில் வயர் இணைப்புகளைச் சுத்தமாக வைக்க வேண்டும்.

எந்த வகையானாலும், கொழுவி கழன்றால் டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் கயிறும், மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் கட்டாயம். ஐரோப்பாவில் 750 கிலோ வரையான டிரெய்லர் பிரேக் இல்லாமல் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. நம் இறக்கத்துக்கு அந்த எல்லையை நான் ஏற்கமாட்டேன். மொத்த எடை 500 கிலோவைத் தாண்டினாலே பிரேக் இருக்கட்டும் என்பேன்.

இறங்கும்போது, ஏறியிருந்தால் எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியர், அல்லது அதற்கும் ஒன்று கீழே. டர்போ இல்லாத எஞ்சின் என்றால் ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீத வலு குறையும். கீழே சுளுவாக இழுத்த பாரம் நுவரெலியாவில் இழுபறியாவது அதனால்தான்.

லொறியே எடுத்தால்

டிமோ பட்டா மாதிரிச் சின்ன லொறி ஒரு டன்னுக்கு உட்பட்ட பாரத்தைத் தன் சொந்த அச்சுகளில், தன் சொந்தப் பிரேக்குகளோடு சுமக்கிறது. மூக்குப் பாரம் இல்லை, தள்ளல் இல்லை, வளைவில் வால் உள்பக்கம் வெட்டிக் கானில் விழுவது இல்லை. லயத்து வாசலில் ரிவர்ஸ் எடுக்கத் தனிப் பழக்கமும் வேண்டாம். டிரெய்லரைத் தனியாக மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் அந்த எடைக்குச் சரியா என்று பார்க்க வேண்டும், காப்புறுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும். லொறிக்கு இந்த இரட்டை வேலை இல்லை. லீசிங் சுமைதான் அதன் கஷ்டம். லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கரக் கை டிராக்டரும் அதன் பெட்டியும் தோட்டத்திலிருந்து ரோட்டோரம் வரை நல்ல வேலைக்காரர்கள். பிரதான வீதி இறக்கத்துக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

யாருக்கு எது

கந்தப்பளையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் செய்து, நுவரெலியாச் சந்தைக்கு வாரத்தில் ஓரிரு நாள் கொண்டுபோகிறவருக்கு 500 கிலோவுக்குள் அடங்கும் சின்ன டிரெய்லரும் சாதாரணப் பந்து ஹிட்சும் போதும். தராசில் மூக்குப் பாரம் பார்த்து ஏற்றினால் பட்டையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

பண்டாரவளை, பதுளை, வெலிமடைக்குள் கூடாரமும் கதிரையும் கொண்டுபோகிறவருக்குத் தள்ளு பிரேக் பூட்டிய டிரெய்லர். சாமான் இடத்தை அடைக்கும், பாரம் அவ்வளவு இராது. தோட்டங்களுக்குள் போய்வர வேண்டியிருப்பதால் எடை பகிரும் ஹிட்ச் அவருக்குத் தொந்தரவுதான்.

நடமாடும் கடையோ கரவனோ வைத்து, 1,000 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் பிரதான வீதிகளில் போய்வருகிறவர்தான் எடை பகிரும் ஹிட்சுக்கு உரியவர். மின் பிரேக்கையும் அதையும் சேர்த்தே வாங்கட்டும், கைநூலும் டோ பாரும் இடம் கொடுத்தால். இரண்டுக்கும் காசு போதாவிட்டால் முதலில் பிரேக். ஹிட்ச் அடுத்த வருடம் வரட்டும், அதுவரை பாரத்தைக் குறைத்து ஓட்டலாம்.

வாரத்துக்கு மூன்று நாலு தரம் ஒரு டன் மரக்கறியைத் தம்புள்ளைக்கு இறக்குகிறவர் டிரெய்லர் கணக்கையே விட்டுவிட்டு லொறிக்குப் போகட்டும். போகும்போது முழுப் பாரம், வரும்போது வெறுமை, நடுவில் தோட்டத்து ரோடு. ஹிட்சுக்கு ஒத்துவராத மூன்றும் அவருடைய ஒரே பயணத்தில் இருக்கின்றன. சொந்த லொறி முடியாவிட்டால், அயலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு லொறியை வாடகைக்குப் பிடித்து மூட்டைக் கணக்கில் காசைப் பிரித்துக்கொள்ளலாம்.

புதிதாகப் பூட்டியவர்கள், எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் தடவை பாரத்தோடு இறங்கும்போது பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்துங்கள். முதலில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரக் குடத்துக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் தனியாக உரசுகிறது, எல்லாமே கொதித்தால் கியர் போதவில்லை. ஹிட்ச் நட்டுகளை ஸ்பானரால் மறுபடி இறுக்கி, சங்கிலி வளையங்கள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.